கடல்பாசிக் கவர்

ஆம்பூரில் ஷூ தைப்பவர்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அந்த ஷூவுக்குக் கவர் போடுகிறவர்களை யாரும் நினைப்பதில்லை. நான் அந்த ரகம். வீட்டின் முன்னறையில் ஒரு சீலிங் மிஷின், பாலித்தீன் ரோல்கள், உதவிக்கு இரண்டு பெண்கள். ரோலை வெட்டி, ஓரத்தைச் சூட்டில் அழுத்தி ஒட்டி, கம்பெனிக்கு அனுப்புவோம். புது ஷூ கீறல் இல்லாமல் கப்பலேறுகிறதென்றால் அதில் எனக்கும் பங்குண்டு என்று வீட்டில் அடிக்கடி சொல்வேன். கேட்கத்தான் ஆளிருக்காது.

கம்பெனியில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் சார் ஒருநாள் கூப்பிட்டு, "இனிமே பாலித்தீன் வேணாம்மா. வாங்கறவங்க கறாரா சொல்லிட்டாங்க" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்தாரோ என்னவோ, ஒரு ரோலை எடுத்து மேஜைமேல் வைத்தார். ராமநாதபுரம் பக்கம் கடலில் வளர்க்கிற பாசியிலிருந்து செய்த தாளாம். மண்ணில் போட்டால் மக்கிவிடுமாம்.

"இதுல கவர் போட்டு அடுத்த வாரம் காட்டுங்க. ஒட்டு நின்னா ஆர்டர் உங்களுக்குத்தான். இல்லேன்னா பெங்களூர்ல ஒருத்தர் ரெடியா இருக்கார்."

அவர் நினைத்திருந்தால் நேராகப் பெங்களூருக்கே போன் போட்டிருக்கலாம். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு. அன்றைக்கு வந்தது கோபம்தான்.

என் கணவர் தோல் பதனிடும் ஷாப்பில் இருக்கிறார். வந்திறங்கும் தோலிலிருந்து உப்பைக் கழுவி எடுப்பது அவர் வேலை. ரோலை மோந்து பார்த்துவிட்டு, "உப்பைப் போக்கறதுக்கே நாங்க அங்க பேஜாராவறோம். நீ கடலையே வூட்டுக்கு இட்டாந்துட்டியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மிஷினைச் சூடாக்கி வைத்தேன். தாள் சுருண்டது. சூட்டைக் குறைத்தால் ஒட்டவில்லை, கொஞ்சம் ஏற்றினால் கருகியது. கருவாடு தீய்ந்த வாடை தெரு முழுக்கப் போனது. நானும் விடுவதாயில்லை, மிஷினும் விடுவதாயில்லை. ரோலில் பாதி போனபின், இரண்டு பெண்களையும் உட்காரவைத்து, "வேலை வந்தா நானே போன் பண்றேன். அதுவரைக்கும் வர வேணாம்" என்று சொல்லிவிட்டேன். பள்ளிகொண்டாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், "சரிக்கா" என்று மட்டும் சொல்லி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாள். அவள் சம்பளத்தை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பெரிகிறது. என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் பக்கத்து வீட்டு ஆப்பா உள்ளே வந்தார். எங்கள் தெருவில் உருது பேசும் வீடுகள் ஜாஸ்தி. அவர்கள் அக்காவை ஆப்பா என்பார்கள், நானும் அப்படியே பழகிவிட்டேன். ஷூவின் மேல்பாகங்களுக்கு வீட்டிலேயே பிரஷ்ஷால் பசை தடவிக் கொடுப்பது அவர் தொழில்.

"இன்னாம்மா தீயுது ரெண்டு நாளா?"

சொன்னேன். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு, நான் தடுப்பதற்குள், நாக்கில் வைத்துவிட்டார்.

"இது கடப்பாசி மாதிரிதானே இருக்குது? நோன்புக்கு நாங்க பால்ல போட்டுக் காச்சறோமே, அது. இதைப்போய் யாராச்சும் வறுப்பாங்களா? தண்ணி கொண்டா."

எங்கள் தொழிலில் தண்ணீர் ஜென்ம விரோதி. கவருக்குள் ஒரு சொட்டுப் போனாலும் ஷூவில் பூஞ்சை பிடித்துவிடும், மொத்தப் பெட்டியும் திரும்பி வந்துவிடும். அதனால் முன்னறைக்குள் யாரும் தண்ணீர் பாட்டில்கூடக் கொண்டுவரக் கூடாது என்பது என் சட்டம். தாளில் தண்ணீரைத் தொட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. "தண்ணியெல்லாம் இங்க ஆகாது ஆப்பா" என்று கத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை. தானே போய்க் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வந்தார். சுத்தமான பிரஷ்ஷைத் தொட்டு நன்றாக உதறினார். தாளின் ஓரத்தில் பசை தடவுவதுபோல் ஒரே ஒரு கோடு இழுத்து, மடித்து, சுத்தியலால் மெல்லத் தட்டினார். ஃபேனுக்குக் கீழே காயவைத்தோம். காய்ந்ததும் பிடித்து இழுத்தேன். ஒட்டு அசையவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆப்பா, "இதுக்கெல்லாமா அழுவாங்க, டீ போடு" என்றார்.

மிச்ச ரோலை இரண்டு பேரும் சேர்ந்து ஒட்டினோம். ஒவ்வொரு கவரையும் ஈரம் துளி இல்லாமல் காயவைத்தேன். கம்பெனியில் அந்த சார் ஒரு கவரை எடுத்து இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். தாள் நடுவில் கிழிந்தது, ஒட்டு அப்படியே நின்றது. "மழையில நனைஞ்சா?" என்று கேட்டார். "குழைஞ்சுடும் சார். அதுக்குத்தான் மேல அட்டைப்பெட்டி இருக்குதே" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, முதல்ல ஆர்டர் கம்மியாத்தான் தருவேன். அனுப்புங்க" என்றார்.

பாலாற்றைத் தாண்டும்போதெல்லாம் முள்ளுச் செடிகளில் சிக்கிப் படபடக்கும் பாலித்தீன் துண்டுகளைப் பார்த்து, இதில் என்னுடையது எத்தனை என்று நினைப்பேன். இந்தத் தடவை கருகிப் போன துண்டுகளை முருங்கை மரத்தடியில் கொட்டியிருந்தேன். மழை பெய்து ஓய்ந்தபின் போய்க் கிளறிப் பார்த்தேன். மண்தான் இருந்தது. அங்கே கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று இந்தப் பாசியை எடுக்கும் பெண்களை நான் பார்த்ததில்லை. அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

ஆர்டர் கிடைத்த அன்றே இரண்டு பெண்களுக்கும் போன் பண்ணினேன். பள்ளிகொண்டாக்காரி, "வேற எடத்துல கேட்டுட்டு இருந்தேன்கா. வர்றேன்" என்றாள்.

மறுநாள் முதல் ஆளாக வந்தவள் முன்னறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மேஜையில் மிஷின் இருந்த இடத்தில் தண்ணீர்க் கிண்ணம் இருந்தது. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வழக்கம்போல வெளியே வைத்துவிட்டு, "அக்கா, மேஜைமேல தண்ணி வச்சிருக்குது" என்றாள் பயந்துபோய்.

"நான்தான் வச்சேன். உன் பாட்டிலையும் உள்ள எடுத்துட்டு வா" என்றேன்.