கரிப் பெருவிரலும் முந்நூறு பங்குகளும்

சோப்பு ஆலை முழுவதும் தன் நீராவியில்தான் ஓடுகிறது என்பதில் பாய்லர்காரருக்குப் பெருமை. இருபத்திரண்டு வருடத்தில் நிறுவனம் அவருக்குக் கொடுத்த முந்நூறு பங்குகளும் அதே நீராவியில்தான் ஓடுவதாக நினைத்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் அவற்றை விற்று மகளை நர்சிங் படிப்பில் சேர்ப்பதாக வீட்டில் ஏற்பாடு.

பாய்லரைச் சுத்தம் செய்து முடித்து, அன்று காலை மறுபடி பற்றவைத்தார். விறகு ஈரம், புகைபோக்கி கரும்புகையாகக் கக்கியது. எதிர் மாடியிலிருந்து ஒரு புண்ணியவான் அதைப் படம்பிடித்து, "சோப்பு ஆலையில் பயங்கரத் தீ" என்று ஊருக்கே அனுப்பிவிட்டான்.

பத்தரை மணிக்கு மைத்துனனின் போன். பங்குச்சந்தையில் மூன்று வருட அனுபவமும், அதே மூன்று வருட நஷ்டமும் உள்ளவன்.

"மாமா, இருநூத்தி நாப்பதுல இருந்தது நூத்தி அறுபதுக்கு வந்துருச்சு! ஃபேக்டரி எரியுதாம், வித்துத் தள்ளுங்க!"

"எரியலடா. நான்தான் பத்தவச்சேன்."

"அய்யோ, அத வெளிய சொல்லிக்காதீங்க மாமா!"

பாய்லர்காரர் சிரித்தார். செல்போனைத் திறந்து பார்த்ததும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. நூற்று ஐம்பத்திரண்டு. நூற்று நாற்பத்தேழு. இத்தனை பேர் விற்கிறார்கள் என்றால் சும்மாவா? தன் விறகு, தன் புகை. இருந்தாலும் பின்பக்கம் போய்க் கிடங்கை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். எதுவும் எரியவில்லை. திரும்பி வருவதற்குள் நூற்று முப்பத்தெட்டு. கண்ணை நம்புவதா, போனை நம்புவதா? போனைத்தான் நம்பினார்.

விற்பதற்குப் போன் பெருவிரல் ரேகை கேட்டது. விரலில் இருபத்திரண்டு வருடக் கரி. வைத்தார், ஏற்கவில்லை. சட்டையில் துடைத்து வைத்தார். சட்டை விரலைவிடக் கறுப்பு. குழாயடிக்கு ஓடினார். மூன்று மாநிலத்துக்குச் சோப்பு அனுப்பும் ஆலையில், குழாயடியில் ஒரு துண்டுச் சோப்பு இல்லை.

அந்த நேரம் பார்த்து மனைவி அழைத்தாள்.

"என்னங்க, உயிரோட இருக்கீங்களா? டிவில காட்றான்!"

"இருக்கேன், இருக்கேன். ஈர விறகு, வெறும் புகை."

"அப்பாடா! கையும் ஓடல, காலும் ஓடல எனக்கு. இப்ப என்ன பண்றீங்க?"

"பங்க விக்கறேன்."

"எதுக்கு?"

"ஃபேக்டரி எரியுதுன்னு எல்லாரும்..."

"எரியுதா?"

"இல்ல."

"அப்புறம்? பொண்ணு படிப்பப் பாதி வெலைக்குத் தூக்கிக் குடுக்கப் போறீங்களா? பேசாம போயி பாய்லரப் பாருங்க."

போய்ப் பார்த்தார். புகை வெளுத்திருந்தது. பிரஷர் மீட்டரின் முள் மெல்ல ஏறி, வழக்கமான பத்தில் வந்து நின்றது. அவர் மூச்சும் அப்போதுதான் நிதானத்துக்கு வந்தது.

மறுநாள் நிறுவனம் விளக்கம் சொன்னது: தீ விபத்து இல்லை, சுத்தம் செய்த பாய்லர் மீண்டும் ஓடுகிறது. சந்தை இதில் என்னத்தைக் கண்டதோ, பங்கு இருநூற்று எழுபதைத் தொட்டது.

"மாமா, புது பாய்லர் வாங்கிட்டாங்களாம்! முந்நூறத் தாண்டும், இன்னும் வாங்கிப் போடுங்க!" என்றான் மைத்துனன்.

பாய்லர்காரர் தன் பழைய பாய்லரைப் பார்த்தார். முள் அதே பத்தில். வீட்டிலிருந்து கொண்டுவந்த சோப்பால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். போட்டிக் கம்பெனிச் சோப்பு, நுரை பிரமாதம். பெருவிரலை வைத்தார். முதல் தடவையே ஏற்றுக்கொண்டது.

"வித்துட்டேன்" என்றார் மனைவியிடம்.

"இன்னிக்கு மட்டும் ஏன்?"

"நேத்து எதுவும் எரியல. இன்னிக்குப் புதுசா எதுவும் வரல."

"நல்லதாப் போச்சு. வரும்போது அந்தச் சோப்ப மறக்காம எடுத்துட்டு வாங்க."