வெள்ளிக்கிழமை மதியத்து வோல்டேஜ்

1. மேசைக்கு வந்த முட்டைகள்

ஒரு நாள் காலை பத்து மணிக்கு என் மேசையில் ஒரு பெண் முட்டைத் தட்டொன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதன் மேல் கருகிப்போன ஒரு சர்க்யூட் போர்ட். மட்டக்களப்புப் பக்கத்து மின்சார அலுவலகம் ஒன்றில் நான் அப்போது மின் அத்தியட்சகர். முறைப்பாட்டுக்காரர் கொண்டுவராத சாமான் இல்லை. எரிந்த மின்விசிறி வந்திருக்கிறது, அரைத்த மாவோடு கிரைண்டர் வந்திருக்கிறது. முட்டை வந்தது அதுதான் முதல் தடவை.

"ஒண்டை உடைச்சுப் பாருங்க சேர்."

"வேணாம் தங்கச்சி, விசயத்தைச் சொல்லுங்க."

"பதினெட்டு நாள் முட்டை. இன்னும் மூணு நாள் இருந்தா குஞ்சு கத்தியிருக்கும். எல்லாம் உள்ளுக்கே செத்துட்டு."

அவர் பெயர் ஹாஜரா. ஏறாவூருக்கு அப்பால், வாவிக் கரையோரம் தறிகள் ஓடும் ஒரு கிராமம். சவூதியில் ஆறு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு ஊர் திரும்பி, குஞ்சு பொரிக்கும் மெசின் வாங்கி, கூரையில் சோலாரும் போட்டிருந்தார். மெசினின் போர்ட் எரிவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை எழுத்தில் முறைப்பாடு தந்திருந்தார். எங்கள் ஆட்கள் ஒரு செவ்வாய்க்கிழமை போய் அளந்தார்கள். 232 வோல்ட். அப்பழுக்கில்லாத வோல்டேஜ். 'வாடிக்கையாளரின் உள்வயரிங் பிழை' என்று கடிதம் அடித்து வந்தது. இடத்தைப் போய்ப் பார்க்காமலே நான் கையெழுத்து வைத்தேன்.

"உங்கட கடிதத்தைப் பாத்திட்டு வீட்டு வயர் முழுக்க மாத்தினன் சேர். மறுகாவும் எரிஞ்சிட்டு. இன்னொரு தரம் போனா மெசினை வித்துப்போட்டுத் திரும்பவும் சவூதிதான். ஏஜென்சியில பாஸ்போட்டும் குடுத்திட்டன். ரெண்டு புள்ளையையும் உம்மாக்கிட்ட விட்டிட்டுத்தான் போகணும்."

அழவில்லை. அழுதிருந்தால் வழக்கமான நாலு ஆறுதல் வார்த்தையைச் சொல்லி அனுப்பியிருப்பேன். ஒரு கொப்பியை மேசையில் வைத்துவிட்டு, "இதுல எல்லாம் எழுதிக் கிடக்கு, படிச்சுப் பாருங்க" என்று எழுந்து போனார். முட்டைத் தட்டையும் விட்டுவிட்டுப் போனார்.

2. யாரும் போகாத இரண்டு மணி நேரம்

தினமும் மூன்று வேளை மெசினின் சூட்டை அந்தக் கொப்பியில் குறித்திருந்தார். எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு ஒழுங்கான பதிவேட்டை நான் கண்டதில்லை. இடையிடையே 'சோலார் நின்றது', 'லைட் கூடிக் குறைந்தது' என்று எழுதியிருந்தார். கலண்டரை எடுத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். அத்தனையும் வெள்ளிக்கிழமை. அத்தனையும் மதியம்.

எங்கள் டெக்னீஷியன் நசாரைக் கூப்பிட்டேன். அவருடைய வீடும் அந்தக் கிராமத்துக்குப் பக்கம்தான்.

"நசார், வெள்ளிக்கிழமை பகல் அங்க தறி ஓடுமா?"

"ஜும்ஆ நேரம் ஆரு சேர் தறி போடுவான்? தறி, மில், கடை எல்லாம் பூட்டு. ஊரே சத்தமில்லாமக் கிடக்கும்."

சொல்லி முடித்ததும் அவருக்கே விளங்கிவிட்டது. "சேர், நானும் அந்த நேரம் பள்ளியிலதானே" என்றார்.

அவர் தொழுகைக்குப் போவார். அவரில்லாமல் லைனில் கைவைக்க முடியாது என்று சொல்லி, மற்றவர்கள் ஆற அமரச் சாப்பிடுவார்கள். நானும் கல்லடியில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, கொஞ்சம் சாய்ந்துவிட்டுத்தான் வருவேன். வருடக்கணக்காக, வெள்ளி மதியம் இரண்டு மணி நேரம் எங்கள் மீற்றர் ஒன்றும் வெளியே போனதில்லை. பிழை நடந்ததும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான்.

அடுத்த வெள்ளி நான் தனியாகப் போனேன். பதினொன்றரைக்கு 236. தறிச் சத்தம் ஒவ்வொரு வளவாக ஓய்ந்தது. வெயில் உச்சியில் நின்றது. அந்த ட்ரான்ஸ்போமரின் கீழ் உள்ள கூரைகளில் பாதிக்கு மேல் சோலார். அவ்வளவும் உற்பத்தி செய்கிறது, எடுத்துச் செலவழிக்க ஆளில்லை. மீற்றர் 244 காட்டியது, 252 காட்டியது, 261க்கு ஏறியது. அந்த அளவைத் தொட்டதும் சோலார் இன்வேட்டர்கள் எல்லாம் தங்களைக் காத்துக்கொள்ள ஒன்றாக ஓட்டத்தை நிறுத்தின. வோல்டேஜ் தொப்பென்று விழுந்தது. சில நிமிடத்தில் அவை திரும்ப ஓடத் தொடங்கின, திரும்ப ஏறியது. ஒன்றரை மணி நேரம் இந்த ஏற்ற இறக்கம். லைனின் கடைசி வீடு ஹாஜராவுடையது. எந்த போர்ட் தாங்கும்?

எனக்கு வெட்கமாக இருந்தது. நேரே அவர் வீட்டுக்குப் போய், நான் கையெழுத்து வைத்த கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன்.

"அப்ப வயர் பிழையில்லையா சேர்?"

"இல்ல தங்கச்சி. பிழை எங்கட லைன்ல."

அவர் மூலையில் சுருட்டி வைத்திருந்த பழைய வயரை ஒருமுறை பார்த்தார். நல்ல வயர். கடிதத்தை அங்கேயே கிழித்தேன். 'தவறு எமது விநியோகத்தில்' என்று அடுத்த நாளே புதுக் கடிதம் கொடுத்தேன். மேலிடம் என்னைக் கூப்பிட்டு, இப்படி எழுத்தில் கொடுக்கலாமா என்று வாங்கு வாங்கென்று வாங்கியது. வாங்கிக்கொண்டேன்.

3. வயிறு நிறைந்த பற்றரி

ட்ரான்ஸ்போமரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டெப்பை ஒரு படி இறக்கினேன். மதியம் அடங்கியது. ஆனால் மாலை ஏழு மணிக்கு ஊர் முழுக்க விளக்கும் மோட்டரும் போட்டதும் வோல்டேஜ் படுத்துவிட்டது. தறிக்காரர்கள் படையெடுத்து வந்தார்கள். டெப்பை மாலைக்கு ஒன்றும் மதியத்துக்கு ஒன்றுமாக மாற்றிக்கொண்டிருக்க முடியாது. பழைய இடத்துக்கே ஏற்றிவிட்டு, ஹாஜராவிடம் முட்டை வைக்காமல் பொறுத்திருக்கச் சொன்னேன்.

பரீட்சார்த்தமாகச் சில இடங்களுக்குப் பற்றரி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இந்தக் கிராமத்துக்காக எழுதினேன். பதில் வரவில்லை, திரும்ப எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு வந்தது. பெட்டிக்கடை அளவு இரும்புப் பெட்டி. பகலில் மிஞ்சும் மின்சாரத்தை வாங்கி வைத்து மாலையில் கொடுக்கும். கொழும்பிலிருந்து வந்த இஞ்சினியர் அது சார்ஜ் ஏறும் நேரத்தை செட் பண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் பெருமையோடு ஹாஜராவிடம் போய், "இனிப் பயமில்ல, முட்டை வையுங்க" என்றேன். வைத்தார்.

பற்றரி வந்த முதல் வெள்ளி. மீற்றரோடு நின்றேன். 240, 249, 257. பெட்டி பேசாமல் நிற்கிறது. அவர் வீட்டுக்கு ஓடி, கேட்காமலே உள்ளே போய் மெசினின் சுவிட்சை நிறுத்தினேன். இருவருமாகக் கம்பளிகளை இழுத்து மெசினைப் போர்த்தினோம். ஒன்றரை மணி நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். வாழ்க்கையில் நான் அடைகாத்தது அந்த ஒரு நாள்தான்.

"உங்கட பற்றரி எத்தின மணிக்குத் திங்கத் தொடங்கும் சேர்?" என்று கேட்டார்.

"காலமை எட்டரைக்கு."

"எத்தினைக்கு வயிறு நிறையும்?"

"பதினொண்டரை."

"காலமையே மூக்குமுட்டத் திண்டா பகல் விருந்துக்கு எப்பிடித் திங்கிற? வெள்ளிக்கிழமை அதைப் பட்டினி போடுங்க சேர். பள்ளிக்குப் பாங்கு சொல்லக்குள்ள திறந்து விடுங்க."

முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். இஞ்சினியருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கொழும்பில் தறி இல்லை, அவர் அறியாதது நியாயம். வெள்ளி மதியத்தைக் கண்ணால் பார்த்த எனக்கு என்ன சாட்டு?

இஞ்சினியருக்கு ஃபோன் எடுத்தேன். வெள்ளிக்குத் தனி நேரம் வைத்தோம்: பன்னிரண்டு மணி வரை பற்றரி வெறுமையாக இருக்க வேண்டும். அடுத்த வெள்ளி தறிகள் ஓய்ந்தபோது மீற்றர் 241க்கு மேல் போகவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே.

இருபத்தோராம் நாள் நசாரும் நானும் போனோம். மெசினுக்குள் சத்தம் கேட்டது. ஒவ்வொரு தட்டாக இழுத்துக் காட்டினார். எல்லாம் பொரிக்கவில்லை, சில முட்டைகள் அப்படியே கிடந்தன. அது எப்போதும் இருக்கிறதுதானாம், கரண்டின் பிழை இல்லையாம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் பற்றரி எத்தனை கிலோவாட், எந்த நாட்டுத் தயாரிப்பு என்று கேட்கிறார்கள். கேளுங்கள், வேண்டியதுதான். அதற்கு முன்னால் அந்த ஊர் எப்போது வேலை செய்கிறது, எப்போது கையை ஓய்க்கிறது என்று கேளுங்கள். உங்களுக்குச் சாப்பாட்டு நேரமென்றால் அந்த நேரத்திலும் ஒரு நாள் போய் நில்லுங்கள்.

நாங்கள் புறப்படும்போது ஹாஜரா கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தார். ஏஜென்சிக்காரரோடுதான் பேசினார்.

"ஓம், நான்தான் ஹாஜரா. என்ட பாஸ்போட்டை எடுத்து வைங்க. நாளைக்கு வந்து வாங்கிறன். இல்ல, நான் போகல்ல."

நசார் ஜீப்பை ஸ்டார்ட் பண்ணப் போனார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றேன். என் கண் கலங்கியதை நசார் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.