சோத்துக்கைப் பக்கம்

தோலில் பூசும் லோஷன்களைச் சோதிக்கும் அந்தப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குக் கால் டீச்சர் என்று பெயர். ஊர் டீச்சர்கள் விடைத்தாளுக்கு மார்க் போடுவார்கள். இவள் முழங்காலுக்குக் கீழே போடுவாள். வழவழவென்று இருந்தால் பூஜ்யம், செதில் செதிலாக உரிந்தால் மூன்று, வெடித்து ரத்தம் கசிந்தால் நான்கு. அதிக மார்க் வாங்குகிறவன் பரிதாபத்துக்குரியவனாகிற பரீட்சை இது ஒன்றுதான். பஸ்ஸில் ஏறினால்கூட முதலில் காலைப் பார்த்துவிட்டு, மனசிருந்தால்தான் முகத்தைப் பார்ப்பாள். "ஊர்க் காலெல்லாம் உனக்கு மனப்பாடம், என் மூஞ்சிதான் மறந்துபோச்சு" என்பார் தையல்கடை வைத்திருக்கும் அவள் கணவர்.

புது லோஷன் வந்தால் தோல் வறண்டவர்களைத் தேடிப் பிடித்து, ஒரு காலில் மட்டும் பூசச் சொல்வார்கள். மற்றது சும்மா கிடக்கும். இரண்டு வாரம் கழித்து, வறட்சி எவ்வளவு தணிந்தது என்று பார்ப்பார்கள். அப்புறம் பூசுவதை நிறுத்தச் சொல்லி, போன வறட்சி திரும்ப எட்டிப் பார்க்க எவ்வளவு நாளாகிறது என்றும் பார்ப்பார்கள். எந்தக் கால் என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் எடுப்பது. ஆனால் வலது, இடது என்று சொன்னால், எதிரே உட்காருகிறவர்கள் "உங்க வலதா, எங்க வலதா?" என்று குழம்பினார்கள். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சோத்துக்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம். அதன் பிறகு ஒருவர்கூடத் தடுமாறவில்லை. டாக்டரம்மாவே மெச்சினார். கால் டீச்சருக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இந்தத் தடவை ஆள் பற்றாக்குறை. நல்ல வறட்சியாக வேண்டும் என்று டாக்டரம்மா அலைந்தபோது அவளுக்குச் சம்பந்தியின் கால் ஞாபகம் வந்தது. மகளுக்கு நிச்சயம் செய்திருந்த பையனின் அப்பா, பஸ் பணிமனையில் வண்டி கழுவுகிறவர். நாள் முழுக்கச் சோப்புத் தண்ணீரில் நின்று கணுக்காலுக்கு மேல் கோடை வயல் மாதிரி வெடித்திருந்தது. "இன்னும் உறவாகலையே, கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா.

அந்த மனிதரைப் பற்றி வீட்டில் ஒரு மனத்தாங்கல் இருந்தது. நிச்சயத்தன்று இலை போட்டு உட்காரவைத்தால், வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டார். வெறும் தண்ணீர்தான். "நம்ம வீட்ல கை நனைக்காத மனுஷன் நம்ம பொண்ணை எப்படி வச்சுப்பான்?" என்று அவள் கணவர் அதை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மகள்தான் நடுவில் கிடந்து தவித்தாள்.

அளவெடுக்கும் நாளில் சம்பந்தி நாற்காலியில் உட்கார்ந்து பேண்ட்டைச் சுருட்டினார். கால் டீச்சர் விளக்கை இழுத்துக் குனிந்தாள். அவளுக்குப் பக்கென்றது. பூசியிருக்க வேண்டிய வலது கால் வெடித்துக் கிடந்தது. தொடக்கூடாத இடது கால் வழவழவென்று இருந்தது. தோலின் ஈரத்தை எண்ணாகக் காட்டும் கருவியை ஒற்றி ஒற்றிப் பார்த்தாள். கருவியும் அதையேதான் சொன்னது.

டாக்டரம்மா பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"சொன்ன கால்லதான் பூசினீங்களா?" என்று டாக்டரம்மாவே கேட்டார்.

"ஆமாம்மா."

"சோத்துக்கைப் பக்கம்?"

"சோத்துக்கைப் பக்கம்தான். என் புள்ள மேல சத்தியம்."

டாக்டரம்மா கால் டீச்சரைத் தனியே அழைத்தார். "கால் மாறிப்போச்சுன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன். மனுஷன் கூசாம சத்தியம் பண்றார். இனிமே எந்தச் சோதனைக்கும் இவரைக் கூப்பிடக்கூடாது. மத்த கூடங்களுக்கும் சொல்லிடலாம். நீங்களே போய்ச் சொல்லிடுங்க, உங்க ஆளுதானே?"

உங்க ஆளு. அந்தச் சொல் அவளைச் சுட்டது. பெற்ற பிள்ளை மேல் பொய்ச் சத்தியம் செய்கிறவன் வீட்டிலா தன் பெண் வாழப்போகிறாள்? இன்றைக்கே முறித்துவிட வேண்டியதுதான். மகள் அழுவாள், அழட்டும் என்று நினைத்தாள்.

காத்திருப்பு அறையில், சோதனைக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் பொட்டலச் சோற்றை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி மட்டும் மூலையில், சுவரைப் பார்த்தபடி திரும்பியிருந்தார். என்ன திருட்டுத்தனம் என்று கோபம் பொங்க அவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

அவர் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவளைக் கண்டதும் கையைச் சட்டென்று மடியில் ஒளித்தார். சோற்றுப் பருக்கை பேண்ட்டில் உதிர்ந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தியம்மா. எழுதுற கையைப் பள்ளிக்கூடத்துல அடிச்சு அடிச்சு மாத்திட்டாங்க. இதை மட்டும் மாத்த முடியல. அதான் நாலு பேர் முன்னால சாப்பிடறதில்ல. அன்னிக்கு உங்க வீட்லயும்..."

அந்த மனிதர் பொய் சொல்லவேயில்லை. சோறு தின்கிற கைதானே சோத்துக்கை? உலகத்தில் எல்லோருக்கும் ஒரே பக்கம்தான் வாய்க்குப் போகும் என்று முடிவு கட்டியது யார்? அவள்தான். அத்தனை பேர் மெச்சிய அவளுடைய கெட்டிக்காரத்தனம்தான்.

"நீங்க சாப்பிடுங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டரம்மா முழுக்கக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்போ இவர் கணக்கு செல்லாது. இன்னும் எத்தனை பேருக்கு இப்படிச் சொல்லியிருக்கீங்க?"

"எல்லாருக்கும்தான்."

"எல்லாரையும் கூப்பிட்டு எந்தக் கால்னு தொட்டுக் காட்டச் சொல்லணும். தப்பு உங்க பேர்லதான் போகும். சம்பந்தியைக் காப்பாத்தச் சொல்ற கதைன்னும் பேசுவாங்க."

"பேசட்டும்" என்றாள். அடுத்த சோதனைக்கு வேறொருத்தியை விளக்கடியில் உட்காரவைத்தார்கள். கால் டீச்சர், திரும்பி வரும் லோஷன் பாட்டில்களை எடை போடும் மேசைக்குப் போனாள். வலித்தது, வலிக்காமல் என்ன?

அந்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியைச் சாப்பிடக் கூப்பிட்டாள். கணவரிடம் முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. சொன்னால் பரிதாபப்பட்டுத் தொலைப்பார். சோறு பரிமாறியதும் சம்பந்தி அவளைப் பார்த்தார். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "உங்க சோத்துக்கையாலயே சாப்பிடுங்கண்ணா" என்றாள்.

அவர் இடது கையை இலையில் வைத்தார். கணவர் வாயருகே போன கவளத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்தக் கையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அன்றைக்கு இலையை விட்டு எழுந்தது எதற்கு என்று மெல்ல விளங்கியது. மகள் சோற்றுப் பாத்திரத்தோடு நின்றாள்.

"ஏம்மா, சும்மா நிக்கிற?" என்று கடைசியில் மகளை அதட்டினார். "மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வை."