கசெற்றின் கடைசியில் ஒரு வயலின்

முதலில் தண்ணீர் கொதித்து ஒரு கேத்தில் கூவும். பிறகு யாரோ அதை அடுப்பிலிருந்து இறக்குவது கேட்கும், மரக் கதிரை ஒன்று தரையில் இழுபடும், ஒரு சப்பாத்துக் கால் பலகைத் தரையை நான்கு முறை தட்டும், அதற்குப் பிறகுதான் வயலின் தொடங்கும். பன்னிரண்டு வயதில் நான் மாண்டலின் வாசிக்கப் பழகியது அந்தக் கசெற்றைக் கேட்டுத்தான். இன்றைக்கும் என் வீட்டில் கேத்தில் கூவினால் இடது கை விரல்கள் தாமாகவே எதையோ அழுத்தத் தேடும்.

அப்போது நாங்கள் ரொறொன்ரோவில், வெக்ஸ்போர்ட் பகுதியில் ஓர் அப்பார்ட்மென்டின் எட்டாவது மாடியில் இருந்தோம். அப்பா ஒரு பாண் பேக்கரித் தொழிற்சாலையில் வேலை செய்தார். பக்கத்து மெஷினில் நின்றவர் றே. கேப் பிரெட்டன் என்ற தீவிலிருந்து ரொறொன்ரோவுக்கு வந்த வெள்ளைக்காரர். அப்பா நெடுந்தீவில் பிறந்தவர். அந்தாளும் தீவான் என்று தெரிந்த நாளிலிருந்து, இருவரும் அப்பாவின் அரைகுறை ஆங்கிலத்திலும் மீன் கதையிலும் சேர்ந்துவிட்டார்கள். மாண்டலினில் கீர்த்தனை வாசிப்பதை அப்பா ஊரில் வானொலியில் கேட்டிருக்கிறார், ஆகவே அது நம்முடைய வாத்தியம்தான் என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. மகளுக்கு அதைப் பழக்க ஆசை என்று ஒருநாள் சொல்ல, தன் வீட்டு அலுமாரிக்குள் ஒன்று சும்மா கிடக்கிறது என்று றே அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கொண்டுவந்து தந்தார்.

கறுப்புப் பெட்டிக்குள் மாண்டலினோடு ஒரு கசெற்றும் இருந்தது. மாண்டலின் உங்களுக்கே, கசெற்றை மட்டும் பழகி முடியத் திருப்பித் தாருங்கள் என்றார் றே. அது அவருடைய அம்மா தன் குசினியில் இருந்து ஃபிடில் வாசித்தது. எங்கள் வயலினைத்தான் அங்கே ஃபிடில் என்கிறார்கள், வாத்தியம் ஒன்று, வாசிக்கும் விதம் வேறு. அந்த அம்மா செத்துப் போய்விட்டார். வேறு எங்கேயும் பதிவு இல்லை. றே போனதும் அப்பா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பிள்ளை, மாண்டலின் உடைஞ்சாலும் பரவாயில்லை, கசெற் கவனம். உதுக்குள்ள இருக்கிறது அந்தாள்ரை தாய்."

சொல்லித்தர ஆள் இல்லை. மாண்டலினில் கம்பிகள் சோடி சோடியாக எட்டு. சோடியில் இரண்டாவது கம்பி "ஸ்பெயர்" என்று முடிவு செய்து, நான்கைக் கழற்றிப் பத்திரமாக எடுத்து வைக்கப் பார்த்தார் அப்பா. நல்லவேளை, வீட்டில் குறடு இருக்கவில்லை. நானும் குறைந்தவள் இல்லை. சனிக்கிழமைச் சங்கீத வகுப்பில் வயலின் பிள்ளைகள் கட்டுவது போலச் ச-ப-ச-ப என்று சுருதி கூட்டிவிட்டு, கசெற்றில் வரும் எதுவும் விரலுக்குள் வராமல் இரண்டு கிழமை அழுதேன். கடைசியில் றே ஒரு பாண் பையின் பின்பக்கத்தில் G, D, A, E என்று சுருதிக்கான நான்கு எழுத்துக்களை எழுதி அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அந்த ஊர் ஃபிடிலுக்கும் மாண்டலினுக்கும் சுருதி ஒன்றேதான். அப்படிக் கூட்டிய அன்று பின்னேரமே முதல் மெட்டின் முதல் வரி என் கைக்கு வந்துவிட்டது, சந்தோசத்தில் லிஃப்டில் ஏறி இறங்கி விளையாடினேன்.

கசெற்றில் ஆறு மெட்டுகள். பெயர் ஒன்றும் சொல்லப்படவில்லை, நானே வைத்தேன். முதலாவது "கேத்தில் பாட்டு". நடுவில் நாய் குரைப்பது "நாய்ப் பாட்டு". காலால் ஓங்கித் தட்டுவது "சப்பாத்துப் பாட்டு". கொஞ்சம் ஓடவிட்டு, நிறுத்தி, பின்னுக்குச் சுற்றி, திரும்ப ஓடவிட்டு, கேட்டதைச் சங்கீதக் கொப்பியில் ஸ்வரமாக எழுதினேன். ஒவ்வொரு பகுதியையும் அந்த அம்மா இரண்டு தரம் வாசிப்பார், ஆனால் இரண்டாவது தரம் எங்கேயோ ஒரு சின்ன இடத்தில் மாற்றி வைப்பார், அதைப் பிடிப்பதற்குள் உயிர் போய்விடும். தாளம் பிடிபடாமல் இருந்தது, தொடையில் தட்டித் தட்டிப் பார்த்து, இது நம்முடைய தகிட தகிடதானே என்று கண்டுகொண்ட பிறகு பாதி வேலை முடிந்தது. ஒரேயொரு குறை, ஒரு ஸ்வரத்தை அசைக்காமல் நேராக விட எனக்கு மனம் வராது. வகுப்பில் பழகிய கமகம் கையில் ஏறியிருந்தது.

ஆறாவது மெட்டு மட்டும் வேறு மாதிரி. தாளம் இல்லை, கால் தட்டுவதில்லை, வில்லை நீட்டி நீட்டி இழுத்து மெதுவாக வாசிப்பார். மாண்டலினில் ஒரு கம்பியைத் தட்டினால் அந்த ஓசை உடனே செத்துவிடும், நீட்ட முடியாது. அதற்கு "இழுவைப் பாட்டு" என்று பெயர் வைத்து, பிறகு பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். மற்ற ஐந்தும் மாசி மாதம் முடிவதற்குள் பாடமாகிவிட்டன.

அந்த மாசியில் ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது றேப் ரெக்கோடரின் வாய் திறந்து கிடந்தது, உள்ளே கசெற் இல்லை. அம்மா நல்ல சந்தோசத்தில் இருந்தார். யாழ்ப்பாணத்தில் இருந்த மாமாவிடமிருந்து, அதாவது அம்மாவின் தம்பியிடமிருந்து, ஊரில் நடந்த சண்டையால் எட்டு மாதமாகக் கடிதம் இல்லை, போனும் இல்லை. உயிரோடு இருக்கிறாரோ என்றுகூட எங்களுக்குத் தெரியாது. மேல்மாடியில் இருந்த ஒருவர் அன்றே கொழும்புக்குப் போவதாக மத்தியானம் திடீரென்று வந்து சொல்லியிருக்கிறார், அங்கிருந்து யாழ்ப்பாணம் போகும் ஆள் ஒன்றும் இருக்கிறதாம். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் எழுதுவதைவிடக் கசெற்றில் பேசித்தான் அனுப்புவார்கள். வீட்டில் வெறும் கசெற் இல்லை. அம்மா கையில் அகப்பட்டதைப் போட்டு, தொடக்கத்திலிருந்து இருபது நிமிடம் தம்பியோடு கதைத்து, கொடுத்தும் விட்டார்.

நான் கத்தின கத்து அந்த மாடி முழுக்கக் கேட்டிருக்கும். அம்மாவுக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே விளங்கவில்லை. "நீதானே எல்லாத்தையும் பாடமாக்கிப்போட்டாய். பாடமாக்கின பிறகு கொப்பி என்னத்துக்கு? அந்தாளுக்கு நல்ல புதுக் கசெற்றா வாங்கிக் குடுப்பம்" என்றார். அவர் படித்ததும் எங்களைப் படிப்பித்ததும் அப்படித்தான், மண்டைக்குள் ஏறினால் போதும். அப்பா வேலையால் வந்து விசயத்தைக் கேட்டு, பூட்ஸைக் கழற்றாமல் அப்படியே வாசலில் குந்திவிட்டார். "அது அந்தாள்ரை தாயெல்லே" என்று மட்டும் சொன்னார். அவருடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் அம்மா பேச்சை நிறுத்தினார்.

சித்திரையில் றே தன் தீவுக்கே திரும்பிப் போகிறார் என்று செய்தி வந்தது. போவதற்கு முன் கசெற்றை வாங்க வந்தார். அம்மா றோல்ஸ் பொரித்து, தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு, குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றார். அப்பா தொலைந்துவிட்டது என்று சொல்லப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னார். றே கையில் எடுத்த றோல்ஸைத் திரும்பத் தட்டில் வைத்தார். நான் மாண்டலினை எடுத்து, யாரும் கேட்காமலே கேத்தில் பாட்டைத் தொடங்கினேன்.

ஐந்தையும் வாசித்தேன். நாய்ப் பாட்டில், நாய் குரைக்கும் இடத்தில் பழக்கத்தில் நான் ஒரு கணம் நிறுத்த, அவர் சிரித்துவிட்டார், பிறகு கண்ணைத் துடைத்தார். என் அம்மா ஒரு ஸ்வரத்தையும் இப்படி ஆட்டமாட்டார், ஆனால் மற்றதெல்லாம் அவர்தான் என்றார். அடுத்ததாக, மெதுவாக ஒன்று இருக்குமே, அது எங்கே என்று கேட்டார். தன் தகப்பன் கடலில் செத்துப்போன பிறகு அம்மா வாசிக்கத் தொடங்கியது அதுவாம். நான் பழகவில்லை என்றேன். அவர் அதை வாயால் முனக முயன்றார். இரண்டு மூன்று தரம் தொடங்கினார், வரவில்லை. கசெற் இருக்கிறதே என்ற நினைப்பில் அதை அவர் ஒருநாளும் ஞாபகத்தில் வைத்திருக்கவில்லை. தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு, சப்பாத்து நூலை வெகுநேரம் கட்டிக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

நான் அம்மாவோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. அம்மா யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் இல்லாதவர். அதற்குப் பிறகு கடைக்குப் போகும்போதெல்லாம் ஒரு வெறும் கசெற் வாங்கி வந்து மேசை லாச்சிக்குள் வைப்பார், கசெற் விற்பது நின்றுபோகும் வரை வாங்கினார். அந்தக் கதையை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. ஏழு வருடம் கழித்து மாமா கனடா வந்து எங்களுக்குப் பக்கத்தில் டோர்செட் பார்க் பகுதியில் குடியேறிய பிறகும்கூட எடுக்கவில்லை.

அம்மா போய் மூன்று வருடமாகிறது. போன மாதம் திவசத்துக்கு மாமா என் வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பாடெல்லாம் முடிந்து நான் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தேன். அது நீட்டிக் கூவத் தொடங்க, அந்தச் சுருதியைப் பிடித்து மாமா கதிரையில் இருந்தபடி எதையோ முனகினார். என் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அது இழுவைப் பாட்டு.

"உனக்குத் தெரியாதே?" என்றார் மாமா. "கொம்மா அனுப்பின கசெற்றில கடைசியா வாறது. 'கவனமா இரடா, சரி, வைக்கிறன்' எண்டு சொல்லுவா, ரெலிபோனில கதைக்கிற மாதிரி. பிறகு கொஞ்ச நேரம் ஒண்டுமில்லை. பிறகு உந்த வயலின். கரண்ட் இல்லாத காலம், சைக்கிளை மிதிச்சு மிதிச்சு டைனமோக் கரண்டிலதான் கேட்டனாங்கள். தான் அழுதால் நாங்கள் பயந்துபோவம் எண்டு, அக்கா தன்ரை அழுகைக்குப் பதிலா உதைப் போட்டுவிட்டவ எண்டு நினைச்சன். அதாலதான் ஒருநாளும் அவவிட்டைக் கேக்கேல்லை." அந்தக் கசெற் இப்போது எங்கே என்று கேட்டேன். இடம்பெயர்ந்து ஓடியபோது விட்ட வீட்டோடு போய்விட்டதாம்.

நான்கு சனிக்கிழமைகள் மாமா முனக முனக நான் கொப்பியில் எழுதினேன். பழைய கிறிஸ்மஸ் கார்ட் ஒன்றில் இருந்த நம்பரில் றேயைப் பிடித்தேன். தீவில் மகளோடு இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம். மாமாவின் கதையைச் சொல்லி, போனை மாண்டலினுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தேன். முடிந்ததும் போனை எடுத்துக் காதில் வைத்தேன். றே, நடுவில் ஓரிடத்தில் வேகம் குறைகிறதே, என் அம்மா அப்படி வாசிப்பதில்லையே என்றார். அது சைக்கிள் மிதித்தவர் களைத்துப்போன இடம் என்றேன். அவர் சிரித்தார், பிறகு இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

அம்மாவின் லாச்சியை நான் அப்படியே வைத்திருக்கிறேன். அறுபது எழுபது கசெற் இருக்கும், ஒன்றின் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. அத்தனையில் ஒன்றில்கூட அம்மாவின் குரல் இல்லை, அதைப் பதிந்து வைக்க எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு றே ஏன் அவ்வளவு நேரம் சப்பாத்து நூலைக் கட்டினார் என்று இப்போது எனக்குத் தெரியும். இப்போதும் மாமா சனிக்கிழமைகளில் வருகிறார். ஆறாவது மெட்டை வாசிப்பதற்கு முன் நான் அவருடைய முகத்தைப் பார்ப்பேன். அவர், "கவனமா இரடா, சரி, வைக்கிறன்" என்று அக்காவைப் போலவே சொல்லுவார். கொஞ்ச நேரம் இருவரும் சும்மா இருப்போம். பிறகுதான் நான் தொடங்குவேன்.