குதிகாலில் ஒரு விரல்

சமையலறையில் பாத்திர மூடி ஒன்று தரையில் விழுந்து உருண்டது. திதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் மடியிலிருந்த ஏழு மாதக் குழந்தை சன்னா இமைகூடக் கொட்டவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த சாஃபி பார்த்துவிட்டாளோ? குழந்தைகளின் மூளை எப்படி வளர்கிறது என்று ஆராயும் நிலையத்திலிருந்து வந்தவள் அவள். கையில், சின்னச் சின்ன விளக்குகள் பதித்த கறுப்புத் தொப்பி.

"என்ன திதா, இப்படி வேர்க்குது? தொப்பி உன் பிள்ளைய ஒண்ணும் தின்னுடாது."

"உள்ள இருக்குற நினைப்பெல்லாம் இதுல தெரியுமா?"

"தெரிஞ்சா முதல்ல என் வீட்டுக்காரர் தலையிலதான் மாட்டியிருப்பேன். இது வெறும் வெளிச்சம்மா. மண்டைக்குள்ள கொஞ்சம் போய்த் திரும்பி வரும். மூளையில எந்த இடம் வேலை செய்யுதோ அங்க ரத்தம் கூடும், திரும்பி வர்ற வெளிச்சம் மாறும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாமே! திதா பிள்ளையை மடியில் இன்னும் அருகே இழுத்துக்கொண்டாள்.

காம்பியா ஆற்றின் அக்கரையிலிருந்து டெம்பாவுக்கு இரண்டாம் மனைவியாக வந்தவள் அவள். இரண்டு கர்ப்பம் கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய சன்னாதான் அந்த வீட்டின் முதல் ஆண்பிள்ளை. பெயர் சூட்டிய நாளில் டெம்பா ஆடு வெட்டி ஊரையே கூப்பிட்டான். தன் குரலுக்குக் குழந்தை திரும்புவதில்லை என்பதை அவள் கண்டுகொண்டது மழைக்காலத்தில். அன்று முதல், யார் கூப்பிட்டாலும் பிள்ளையின் குதிகாலை மெல்ல அழுத்துவாள். அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்ப்பான். அவள் திரும்பும் பக்கமே அவனும் திரும்புவான். "அப்பன் குரல்னா எப்படித் திரும்புறான் பாரு!" என்று டெம்பா பூரித்துப்போவான். அவளுக்கோ ஒவ்வொரு முறையும் உயிர் போய் வரும்.

குழந்தைக்குத் தொப்பியை மாட்டிவிட்டு, சாஃபி தான் கொண்டுவந்த ஒலிப்பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். ஒரு பெண்ணின் சிரிப்பொலி கேட்டது. திதாவின் கட்டைவிரல் தானாகக் குதிகாலுக்குப் போனது.

"கையை எடும்மா. சத்தம் வர்ற நேரத்துல பிள்ளைய அழுத்தக் கூடாது."

எடுத்தாள். மலை உச்சியில் பிடியை விட்டதுபோல இருந்தது. மறுபடி சிரிப்பு, பிறகு இருமல், பிறகு கிலுகிலுப்பை. சன்னா தன் விரல்களையே ரசித்துக்கொண்டிருந்தான்.

சாஃபி ஒலிப்பெட்டியை நிறுத்திவிட்டுக் குழந்தையையே பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க," திதாவின் குரல் உடைந்தது. "குறை என்னாலதான்னு, பிள்ளைய வச்சுக்கிட்டு என்னைத் துரத்திடுவாரு."

"தொப்பி சொல்றத நிலையத்துலதான் படிப்பாங்க. ஆனா என் கண்ணு பார்த்துடுச்சே, திதா. திங்கக்கிழமை காது டாக்டர்கிட்ட கூட்டிட்டு வா. இன்னும் தள்ளிப்போட்டா பேச்சு வர்றதும் கஷ்டம். உன் வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்."

சமையலறை வாசலில் நிழல் விழுந்தது. டெம்பாவின் மூத்த மனைவி ஜைனபா. கையில் அந்த மூடி. திதா உறைந்துபோனாள்.

"எத்தனை தடவை இதைக் கீழ போட்டுப் பார்த்துட்டேன், இவன் திரும்பவே இல்ல! மூடியே நெளிஞ்சுபோச்சு. பிள்ளை குதிகாலும் காய்ச்சுப்போச்சுடி. என்கிட்ட சொல்ல உனக்கு வாய் வரலையா?"

"அக்கா... அவர்கிட்ட நீங்க..."

"சொல்றதா இருந்தா எப்பவோ சொல்லியிருப்பேன். உன்மேல எனக்கு ஆயிரம் கோபம், அது வேற. வெள்ளிக்கிழமை கடலை வித்துட்டு வருவாருல்ல, அப்ப நீ வாயைத் திற. நான் பக்கத்துல நிக்கிறேன்."

"அவர் என்ன செய்வாருக்கா?"

ஜைனபா மூடியின் நெளிவை விரலால் தடவினாள். திதா பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

சாஃபி தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். ஜைனபா கதவைச் சாத்திவிட்டு வந்து திதாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.