பிக்கப் வண்டியில் இரண்டு படுக்கை

1. படுக்க ஓர் இடம்

தடுப்பூசி டீமில் நர்ஸாகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. ஊசி போடுவது சுலபம். ஊசி போட்ட ஊரில் படுத்து எழுந்திருப்பதுதான் பெரும்பாடு.

இப்போது வேலைக்கு வருகிற பெண்களுக்கு இது விளங்காது என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஐம்பதுகளின் கடைசியில் காசநோய்க்காக ஊர் ஊராகப் போனோம். முதல் நாள் முன்கையில் டெஸ்ட் மருந்து ஏற்ற வேண்டும். மூன்றாம் நாள் அந்த இடம் தடித்திருக்கிறதா என்று பார்த்து, தடிக்காதவர்களுக்கு மட்டும் தடுப்பூசி. அதனால் ஓர் ஊரில் கால் வைத்தால் கேம்ப் போட்டே ஆகவேண்டும். டாக்டரும் மற்ற ஆண்களும் பள்ளிக்கூடத்து பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்துவிடுவார்கள். பெண்கள் நானும் எஸ்தரும் மட்டும்தான். எங்களை ஊரில் யாராவது வசதியானவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஒரு வீட்டில் கடலை மூட்டைகளுக்கு நடுவில் இடம் கிடைத்தது. எலிகள் எங்களைத் தாண்டித்தான் மூட்டைக்குப் போயின. இன்னொரு வீட்டில் தூங்கவே விடவில்லை. அந்த வீட்டு அம்மா எங்கள் பாய் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்லைங்க."

"ஏன் ஆகலை? ஒங்க அப்பாரு சம்மதிச்சுத்தான் அனுப்புனாரா? ராத்திரி ஊர் ஊராப் போனா நாளைக்கு எவன் கட்டுவான்?"

அவர் போன பிறகு எஸ்தர் சொன்னாள்: "அக்கா, இவங்களுக்கு நாம டெஸ்ட் போட வந்தோமா, நமக்கு இவங்க போடுறாங்களா?"

மறுநாள் டாக்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். டாக்டர் நல்ல மனிதர். ஆனால் எந்தப் பிரச்சினை வந்தாலும் உடனே பென்சிலை எடுத்துப் படம் போட ஆரம்பித்துவிடுவார். எங்களிடம் மருந்துப் பெட்டி ஏற்ற ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. யுத்தத்தில் ராணுவத்துக்கு ஓடிக் கழித்துவிட்ட வண்டி. அதன் பின்தொட்டியை வரைந்து, அதற்குள் இரண்டு கோடு போட்டார்.

"ரயில் மாதிரி மேல ஒரு பெர்த், கீழ ஒரு பெர்த். சுத்தி பாடி கட்டிட்டா ஜம்முன்னு தூங்கலாம்மா."

"சார், பட்டறைக்கு நானும் வாரேன். எப்படி வேணும்னு சொல்றேன்."

"அங்க ஒரே கிரீஸும் கரியுமா இருக்கும். நீங்க எதுக்கு? நான் சொல்லிக்கிறேன்."

2. வண்டி வந்தது

புதுக்கோட்டையில் அந்தப் பட்டறை மேஸ்திரி அதுவரை லாரிகளுக்கு மட்டுமே பாடி கட்டியவர். இதையும் அப்படியே கட்டிவிட்டார். சித்திரை மாத வெயிலில் பட்டறை வாசலில் நின்ற வண்டியை நாங்கள் போய்ப் பார்த்தோம்.

நான்கு பக்கமும் தகரம், கூரையும் தகரம். கீழ் பெர்த்தில் உட்கார்ந்தால் தலை மேல் பலகையில் இடித்தது. மேல் பெர்த்தில் படுத்தால் கூரைத் தகரம் மூக்கைத் தொட்டது. கீழே படுக்கிறவர் இடுப்புக்குச் சரியாகச் சக்கரத்தின் மூடி மேடு தட்டியிருந்தது. ஜன்னல் என்று ஒன்று கிடையாது.

"காத்துக்கு எங்கிட்டு வழி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"ஜன்னல் வச்சா தூசி வந்துரும்ல சிஸ்டர்."

"சரி, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் எங்க? வெளியில மட்டும்தானே கொண்டி இருக்கு?"

மேஸ்திரி என்னை அதிசயமாகப் பார்த்தார். "பொம்பளைக படுக்குற வண்டிங்க. வெளியில பூட்டுனாத்தானே பாதுகாப்பு?"

எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இல்லாவிட்டால் அங்கே கிடந்த ஸ்பேனரை எடுத்திருப்பேன். டாக்டரிடம் சொன்னால், "ரெண்டு கேம்ப் போயிட்டு வாங்கம்மா, பழகிரும்" என்றார்.

3. ஆலங்குடி டீக்கடை

பழகவில்லை. கறம்பக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கேம்ப். காலையிலிருந்து நின்றபடி டெஸ்ட் போட்டுவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் படுக்கலாம் என்று வண்டிக்குள் ஏறினோம். வண்டி புளியமர நிழலில் நின்றது. எல்லோரும் பார்க்கும்படி திறந்துபோட்டுப் படுக்க முடியாது. கதவைச் சாத்திவைத்து, காற்றுக்காக ஒரு துணியை மடித்து இடுக்கில் செருகியிருந்தோம். அலுப்பில் இருவருமே கண்ணயர்ந்துவிட்டோம்.

தடுப்பு மருந்து வைத்திருந்த பிளாஸ்கில் ஐஸ் தீர்ந்துவிட்டதாம். புதுக்கோட்டைக்குப் போய் வாங்கிவரச் சொல்லி டாக்டர் டிரைவர் மாணிக்கத்தை அனுப்பியிருக்கிறார். மாணிக்கம் வந்து பார்த்தபோது கதவு சரியாகச் சாத்தாமல் இருந்திருக்கிறது. துணியை இழுத்துப் போட்டுவிட்டு, கதவை அறைந்து சாத்தி, கொண்டியை மாட்டி வண்டியை எடுத்துவிட்டார்.

நாங்கள் விழித்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. தகரத்தை அடித்தோம், கத்தினோம். அந்த ரோட்டில் வண்டியே தடதடவென்றுதான் போகும். மருந்துப் பெட்டிகள் உருள்கின்றன என்று மாணிக்கம் நினைத்துக்கொண்டார். நிழலை விட்டு வந்ததும் தகரம் காய ஆரம்பித்தது. சீக்கிரமே கைவைக்க முடியவில்லை. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நான் அடித்தேன். முதலில் என்னோடு சேர்ந்து அடித்த எஸ்தர் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டாள். கூப்பிட்டால் "ம்" என்றாள். பிறகு அதுவும் இல்லை. அதுவரை எனக்கு இருந்தது கோபம். அப்போதுதான் பயம் வந்தது. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு காலால் கதவை உதைத்தேன்.

ஆலங்குடியில் மாணிக்கம் டீ குடிக்க நிறுத்தினார். என்ஜின் சத்தம் நின்றதும் நான் போட்ட கூச்சல் கடைத்தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

"யோவ், வண்டிக்குள்ள பொம்பளை கத்துதுய்யா!" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. யாரோ கொண்டியை நீக்கினார்கள். நான் எஸ்தரை இழுத்துக்கொண்டு இறங்கினேன். இரண்டு பேருக்கும் தலை அவிழ்ந்து, சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. எஸ்தர் ரோட்டோரத்திலேயே வாந்தி எடுத்தாள். டீக்கடைக்காரர் ஓடிவந்து அவள் தலையில் தண்ணீர் ஊற்றினார்.

அதற்குள் மாணிக்கத்தைச் சுற்றி ஒரு கூட்டம். "எந்த ஊருப் புள்ளைகளைடா கடத்திக்கிட்டுப் போற?" என்று ஒருவர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"சிஸ்டர்! நான் யாருன்னு சொல்லுங்க சிஸ்டர்!" என்று மாணிக்கம் அழுகிற குரலில் கத்தினார்.

"எங்க டிரைவர்தாங்க, தெரியாம பூட்டிட்டாரு" என்று நான் சொன்னேன். யாரும் நம்பவில்லை. பயமுறுத்தி அப்படிச் சொல்லவைக்கிறான் என்றார்கள். கடைசியில் கேம்ப்புக்கு ஆள் போய்ச் சொல்லி, டாக்டரே பஸ்ஸில் வந்து, இவர்கள் என் நர்ஸுகள், இவர் என் டிரைவர் என்று ஊராருக்கு விளக்கிய பிறகுதான் விட்டார்கள்.

டாக்டர் எஸ்தரின் நாடியைப் பார்த்தார். பிறகு வண்டிக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெண்டிலேஷன் கொஞ்சம் கம்மிதான்."

நான் பதில் சொல்லியிருந்தால் அன்றோடு வேலை போயிருக்கும்.

4. மேஸ்திரியைப் படுக்கவைத்தது

அடுத்த வாரம் யாரிடமும் கேட்காமல், மாணிக்கத்தை வண்டியை எடுக்கச் சொல்லிப் பட்டறைக்குப் போனேன். வண்டிக்குள் ஏறி, மேஸ்திரியின் கண் முன்னாலேயே கீழ்ப் பலகையில் நீட்டிப் படுத்தேன். மனிதர் கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"திரும்பாதீங்க. எங்க இடிக்குது பாருங்க. பாத்துட்டீங்களா? இப்ப நீங்க வந்து படுங்க."

"நானா? எதுக்கு சிஸ்டர்?"

"படுங்க அண்ணே. சொல்றேன்ல."

படுத்தார். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். கொஞ்ச நேரத்திலேயே உள்ளிருந்து தட்டினார். திறந்ததும் கழுத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி, "இடுப்புல குத்துது, ஆமா. மூச்சு முட்டுது" என்றார். அதன் பிறகு நான் சொல்லச் சொல்ல மறுபேச்சே பேசவில்லை.

தகரம் எல்லாவற்றையும் கழற்றினோம். மேலே வளைகம்பி வைத்துக் கித்தான் போட்டோம். இரண்டு பக்கமும் சுருட்டிக் கட்டலாம், உள்ளே கொசுவலை. பெர்த்து இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டு, சக்கர மேட்டுக்கு மேலே வரும்படி தொட்டி முழுவதும் ஒரே மட்டமாகப் பலகை. அதன் மேல் இரண்டு இலவம்பஞ்சு மெத்தை, கீழே மருந்துப் பெட்டிகள். பின்பக்கம் கதவு, அதற்கு உள்ளே தாழ்ப்பாள். டிரைவர் பக்கம் ஒரு சிறிய ஜன்னல்.

அந்த வண்டியில் நாங்கள் தூங்கிய தூக்கம் ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை.

5. கடற்கரைக் கேம்ப்

திருச்சியிலிருந்து மேலதிகாரி இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார், ஏறினார், ஷூவோடு படுத்தும் பார்த்தார்.

"பேஷ்! டூருக்கு ரொம்ப சௌகரியமா இருக்கே. கோட்டைப்பட்டினம் கேம்ப்புக்கு நான் இதுலயே வாரேன். லேடீஸ் அறந்தாங்கியிலயே ரெஸ்ட் எடுக்கட்டும்."

டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரெஸ்டாம்! கடற்கரை ஊர்களுக்குப் போவதற்காகத்தான் டீமில் எங்களையே சேர்த்திருந்தார்கள். அங்கே பெண்கள் வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள்.

நாங்கள் அறந்தாங்கியில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தோம். மறுநாளே டாக்டர் பஸ்ஸில் வந்து இறங்கினார். முகம் வாடியிருந்தது.

"ஆம்பளைங்களும் பையன்களும் வந்தாங்கம்மா. ஒரு பொம்பளைகூட கை நீட்டலை. எல்லா வீட்டுலயும் கதவைச் சாத்திட்டாங்க. வாங்க போவோம்."

"எங்க படுக்கிறது சார்?"

அவர் சட்டைப் பையில் பென்சிலைத் தேடினார்.

"வண்டியை எங்ககிட்டக் குடுங்க, இப்பவே வாரோம். இல்லைன்னா அதிகாரியே வீடு வீடாப் போய்க் கூப்பிட்டுப் பாக்கட்டும்."

டாக்டர் போய் அதிகாரியிடம் என்ன சொன்னாரோ தெரியாது. சாயங்காலம் மாணிக்கம் வண்டியோடு வந்தார். அதிகாரி தங்குவதற்கு டிராவலர்ஸ் பங்களாவுக்குப் போய்விட்டாராம். மெத்தையில் சிகரெட் சுட்ட ஓட்டை ஒன்று இருந்தது.

கோட்டைப்பட்டினத்தில் பள்ளிவாசல் தெருவுக்குப் பின்னால் தென்னந்தோப்பில் வண்டியை நிறுத்தினோம். காலையில் டெஸ்ட்டுக்கு யாரும் வரவில்லை. ஆனால் வண்டியைப் பார்க்க வந்தார்கள். இரண்டு பெண்கள் காருக்குள் படுத்துத் தூங்குகிறார்களாம் என்று செய்தி பரவிவிட்டது. முதலில் வந்தவர் மரியம் பீவி, மீன் வியாபாரி ஒருவரின் மனைவி. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டிக்குள் ஏறினார். மெத்தையை அமுக்கினார். கித்தானை இறக்கிவிடச் சொல்லி, வெளியே தெரிகிறதா என்று பார்த்தார். தாழ்ப்பாளை இரண்டு தரம் போட்டுத் திறந்தார்.

"உள்ள இருந்து பூட்டிக்கிறலாமா? ஆம்பளை யாரும் எட்டிப் பாக்க முடியாதுல்ல?"

"முடியாதுங்க."

"அப்பச் சரி. இங்கனயே போடு." அவர் சட்டைக் கையை மடித்துக் கையை நீட்டினார்.

டெஸ்ட் போட்டு முடித்ததும் கித்தானை விலக்கித் தெருப்பக்கம் குரல் கொடுத்தார். "ஏ புள்ளைகளா, வாங்க! பொம்பளைகதான் இருக்காக!"

அன்று முழுவதும் எங்கள் படுக்கையில்தான் டெஸ்ட் நடந்தது. ஒருவர் இறங்க இன்னொருவர் ஏறினார். கைக்குழந்தைகள் மெத்தையில் மூத்திரம் போயின. ஊசி போடாத பிள்ளைகள் ஏறிக் குதித்தன. உட்கார எங்களுக்கே இடமில்லை. எஸ்தர் வண்டிக்குப் பின்னால் நின்றபடியே சாப்பிட்டாள். மூன்றாம் நாள் கை பார்க்க ஒரு பெண் பாக்கியில்லாமல் வந்தார்கள்.

பிறகு பல வருடம் பல ஆபீஸ்களில் வேலை பார்த்தேன். நல்ல எண்ணத்தோடு படம் போடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: இன்னொருவர் படுக்கப்போகிற இடத்தை நீங்கள் கட்டுவதாக இருந்தால், முதல் ஆணி அடிப்பதற்கு முன் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். உங்களைக் கேட்காமல் மற்றவர்கள் கட்டினால் பட்டறைக்குப் போங்கள். வரவேண்டாம் என்று சொன்னாலும் போங்கள்.