மருமகள் அமுக்கிய பதில்

குடலில் புற்றுநோய் என்று பதுளையில் ஆபரேஷன் செய்து, மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு என் விரல்கள் மரத்துப்போயின. சட்டைப் பொத்தான் போட வராது. ஃபோனில் எதைத் தொட்டாலும் பக்கத்தில் போய் விழும். அதனால்தான் அந்தக் கேள்விகளை என் மருமகள் வாசிக்க வேண்டி வந்தது.

மருந்து ஏற்றிக்கொள்பவர்கள் வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று அறிய ஓர் ஆய்வு நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோனுக்குக் கேள்விகள் வரும். ஆய்வை நடத்திய யாழ்ப்பாணத்து டாக்டரம்மா, "உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ ஐயா. அதைப் பாத்துத்தான் மருந்தைக் கூட்டுறதோ குறைக்கிறதோ எண்டு முடிவெடுப்பம்" என்றார். தலையாட்டினேன். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவன் நான். பொய் சொன்ன பிள்ளைகளை முட்டி போட வைத்தவன்.

மனைவி காலமாகிவிட்டாள். மகனுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. ஹல்துமுல்லைக்கு மேலே, சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீடுகளில் ஒன்றில் நானும் மருமகளும்தான். அவள் கொழுந்து எடுக்கிறவள். ஞாயிறுதான் வீட்டில் இருப்பாள். பசி, வாந்தி, தூக்கம் என்று கடகடவென வாசித்துக்கொண்டு வந்தவள், முதல் ஞாயிறே ஓரிடத்தில் நின்றாள். பிறகு தலை தூக்காமல், பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் வாசித்தாள்.

"மலத்தை அடக்க முடியாமல் உடையில் போனதுண்டா?"

"இல்ல."

போயிருந்தது. விடியுமுன் எழுந்து, மற்றவர்கள் தண்ணீர் பிடிக்க வருவதற்குள் பொதுப் பீலிக் குழாயில், உடுத்தியிருந்த சாரத்தை அலசியிருந்தேன். அந்தக் குளிர்ந்த நீர் பட்டால் விரல்களில் ஊசி இறங்கும். மருந்து ஏற ஏற வயிற்றுப்போக்கும் கூடியது. ஒவ்வொரு ஞாயிறும் "இல்ல" என்றே சொன்னேன்.

ஒரு திங்கட்கிழமை காலை ஆய்வுப் பிரிவிலிருந்து நர்ஸ் பேசினார். "ஐயா, அடக்க முடியாம போகுதுன்னு நேத்து பதில் வந்திருக்கு. இன்னைக்கே வாங்க."

"யாராவது தப்பா அமுக்கியிருப்பாங்க."

வேலைக்குக் கிளம்பிய மருமகள் வாசலிலேயே நின்றாள். "தப்பா அமுக்கல மாமா. நீங்க இல்லன்னீங்க. இந்த வாட்டி நாந்தான் ஆமான்னு அமுக்கினேன்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரே வீட்டுல இருக்கோம், தெரியாதா? நேத்து ஒங்களால எந்திரிக்கவே முடியல."

"என் மானத்த வாங்கிட்டியே!" என்று கத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் நின்றது. அவள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தாள்.

"கெளம்புங்க மாமா, போவோம்."

பண்டாரவளை தாண்டியதும் பஸ்ஸிலேயே எனக்குப் போய்விட்டது. முன் சீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். மருமகள் தன் ஸ்வெட்டரைக் கழற்றி என் மடியில் போட்டாள். பதுளையில் இறங்கும்போது அதை என் இடுப்பில் கட்டி, எனக்குப் பின்னால் ஒட்டியபடி நடந்தாள். "பாத்து எறங்குங்க சார்" என்று கண்டக்டர் கை கொடுத்தான். என்னிடம் படித்தவன். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

உடம்பில் நீர் வற்றிப்போயிருந்தது. இன்னும் விட்டிருந்தால் சிறுநீரகம் கெட்டிருக்கும் என்றார்கள். சேலைன் ஏறிக்கொண்டிருக்கும்போது டாக்டரம்மா கட்டிலருகே வந்தார்.

"முந்தின கிழமைகளிலயும் இப்பிடித்தானோ ஐயா? நீங்க இல்லையெண்டு சொன்னதாலதான் நாங்க அளவைக் குறைக்கேல்ல."

மருமகள் எழுந்து வெளியே போனாள். அவள் போகும்வரை காத்திருந்துதான் நான் வாயைத் திறந்தேன். அவளுக்குத் தெரியாதது அதில் எதுவுமே இல்லை. ஆனாலும் அவள் முன்னால் என்னால் முடியவில்லை. டாக்டரம்மா பழைய பதில்களை ஒவ்வொன்றாகத் திருத்தினார்.

வராந்தாவில் அவள் ஃபோனில் பேசுவது கேட்டது. மகன்தான். "வயித்தால போயிருச்சு, சேலைன் ஏத்துறாங்க. பயப்பட ஒண்ணுமில்ல." பஸ்ஸைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மருந்தின் அளவைக் குறைத்த பிறகு வயிறு கட்டுக்குள் வந்தது. இப்போது உள்ளதைச் சொல்கிறேன், சுவரைப் பார்த்துக்கொண்டு. வெட்கம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. அவளிடம் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தால், "சோறு ஆறுது மாமா" என்று எழுந்துவிடுகிறாள்.